எதற்குப் பணம் தருவது? இரத்தச் சுத்திகரிப்பும் பொது நிதியின் கணக்கும்

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் மலேசியக் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் ஒரு ரிங்கிட். நிபுணரைக் காண்பதற்கு ஐந்து ரிங்கிட். இது பள்ளி மாணவர்க்கும் தெரிந்த செய்தி. அந்த ஒரு ரிங்கிட்டுக்குப் பின்னால் எவ்வளவு செலவு மறைந்திருக்கிறது, அச்செலவை எதற்குச் செய்யலாம், எதற்குச் செய்யாமல் விடலாம் என்று முடிவு செய்பவர்கள் யார் என்பவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 4,530 கோடி ரிங்கிட். பெரிய தொகைதான். ஆனால் எவ்வளவு பெரிய தொகைக்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவ அறிவியல் ஆண்டுதோறும் நம் முன் வைக்கும் புதிய வாய்ப்புகளுக்கு அத்தகைய எல்லை இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றியதே இவ்வுரை.

மருத்துவத் தொழில்நுட்பம் என்றதும் பெரிய கருவிகளே பலருக்கும் நினைவுக்கு வரும். இத்துறையில் அச்சொல்லின் பொருள் இன்னும் அகன்றது. மாத்திரை, தடுப்பூசி, அறுவை முறை, இரத்தப் பரிசோதனை, நோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றுள் எது பயன் தருகிறது, அப்பயன் அதற்காகும் செலவுக்குத் தகுமா என்பதை ஆராயும் துறையை மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்பர். மலேசியச் சுகாதார அமைச்சு இப்பணிக்கென ஒரு பிரிவை 1995ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இன்று அது மாஹ்தாஸ் என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படுகிறது. இத்துறையில் உலகமே எடுத்துக்காட்டும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 1999இல்தான் தோன்றியது. நம்மவர்கள் முந்திக்கொண்ட துறைகளுள் இதுவும் ஒன்று என்பது இந்நாட்டிலேயே பலர் அறியாதது.

இத்தகைய பொருளைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் கையில் எதுவும் தங்காது. ஆகவே ஒரே ஒரு தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக இதைப் பார்ப்போம். சிறுநீரகம் செயலிழந்தவர்க்குச் செய்யப்படும் இரத்தச் சுத்திகரிப்பே அது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உள்ளன. மலேசியாவில் 50,000க்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சையால் உயிர்வாழ்கின்றனர். புதிதாக இச்சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவு நோய். அந்நோய் இந்நாட்டில் இந்தியர்களிடையே மிகுதி என்பதைத் தேசிய நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. நம் குடும்பங்களில் இச்சிகிச்சையை அறியாத குடும்பம் அரிது. மேலும், இதன் செலவைப் பற்றிய முன்னோடி ஆய்வொன்றின் முதன்மை ஆசிரியர் நம் ஜொகூர் பாருவில் பணியாற்றியவர்.

இருவகைச் சுத்திகரிப்பு

சிறுநீரகம் செய்யும் வேலையை வெளியிலிருந்து செய்ய இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில், நோயாளியின் இரத்தம் குழாய் வழியே ஓர் இயந்திரத்துக்குச் சென்று, செயற்கைச் சவ்வில் கழிவு நீங்கி, உடலுக்குத் திரும்புகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மையத்தில் படுத்திருக்க வேண்டும். இதை இயந்திரவழிச் சுத்திகரிப்பு எனக் கொள்வோம். இரண்டாம் வழியில் வெளிச் சவ்வு தேவையில்லை. நம் வயிற்றறையின் உட்சுவரே மெல்லிய சவ்வுதான். வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்திய சிறு குழாய் வழியே இரண்டு லிட்டர் அளவு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றினால், இரத்தத்திலுள்ள கழிவு அத்திரவத்தோடு வந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, வீட்டிலேயே, நோயாளி தாமே செய்துகொள்ளலாம். இது வயிற்றுவழிச் சுத்திகரிப்பு.

நிதி ஒதுக்கீட்டின் வரலாற்றில் இச்சிகிச்சைக்குத் தனி இடம் உண்டு. 1960ஆம் ஆண்டுவரை இயந்திரத்தைச் சில முறைக்கு மேல் ஒருவருக்குப் பயன்படுத்த இயலவில்லை. ஒவ்வொரு முறையும் ஓர் இரத்த நாளம் பாழாயிற்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், கையில் நிலையாகப் பொருத்திவைக்கக்கூடிய குழாயை உருவாக்கினார். அன்றிலிருந்து சிறுநீரகச் செயலிழப்பு உடனடி மரணத் தீர்ப்பாக இல்லாமற்போயிற்று. ஆனால் இயந்திரங்கள் சிலவே, நோயாளிகளோ பலர். யாருக்கு இடம் தருவது? ஊர்மக்களிலிருந்து வழக்கறிஞர், சமயப் பணியாளர், இல்லத்தரசி, வங்கியாளர் என ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. மருத்துவத் தகுதி பெற்றவர்களுள் யார் பிழைக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்தனர். மணமானவரா, பிள்ளைகள் உண்டா, வருவாய் என்ன, தேவாலயத்துக்குச் செல்பவரா என்றெல்லாம் பார்த்தனர். 1962 நவம்பரில் லைஃப் இதழ் இதனை வெளிப்படுத்தியபோது நாடே அதிர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1972இல், அமெரிக்க அரசு ஏறத்தாழ எல்லாருடைய சுத்திகரிப்புச் செலவையும் தானே ஏற்கும் சட்டத்தை இயற்றியது.

அக்குழுவினர் கொடியவர்கள் அல்லர். அவர்கள்முன் வைக்கப்பட்ட கேள்விதான் தவறான கேள்வி. 'இவருக்கா, அவருக்கா?' என்று ஆளைப் பார்த்துக் கேட்டால், விடை எப்போதும் கேட்பவரின் விருப்பு வெறுப்புகளையே காட்டும். பின்வந்த மதிப்பீட்டுத் துறை கேள்வியை மாற்றியது. இன்ன நிலையில் உள்ள எவருக்கும் இன்ன சிகிச்சையைப் பொது நிதியிலிருந்து தரலாமா என்று கேட்டது. ஆளின் இடத்தில் முறை வந்தது. இவ்வொரு மாற்றத்தில்தான் இத்துறையின் அறம் பெரும்பாலும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்; இதன் குறைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கணக்கு

2005ஆம் ஆண்டு 'நெஃப்ராலஜி' என்னும் ஆய்விதழில், சுல்தானா அமினா மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர் ஹூய் லாய் சியோங்கும் பிறரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சுகாதார அமைச்சு மருத்துவமனைகளில் இவ்விரு சுத்திகரிப்பு முறைகளுக்கும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. எளிய கேள்வியாகத் தோன்றும். மருந்தின் விலையை மருந்தகத்தில் கேட்டறியலாம்; ஒரு முறை சுத்திகரிப்பதன் விலை எந்தப் பட்டியலிலும் இல்லை. கட்டடம், கருவியின் தேய்மானம், தாதியர் ஊதியம், மின்சாரம், நீர், மருந்து ஆகிய அனைத்தையும் பங்கிட்டுச் சேர்த்தால்தான் அது கிடைக்கும்.

சேர்த்துப் பார்த்தபோது, இயந்திரவழிச் சுத்திகரிப்புக்கு ஒரு முறைக்குச் சராசரியாக 169 ரிங்கிட் என வந்தது. மாதத்துக்குப் பதின்மூன்று முறை என்று கொண்டால் இது ஏறத்தாழ 2,200 ரிங்கிட். வயிற்றுவழிக்கு மாதச் செலவு சராசரியாக 2,186 ரிங்கிட். மருத்துவமனையில் தங்கும் செலவு முதலியவற்றையும் சேர்த்து, காப்பாற்றப்பட்ட ஒவ்வோர் ஆயுளாண்டுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டனர். இயந்திரவழிக்கு 33,642 ரிங்கிட். வயிற்றுவழிக்கு 31,635 ரிங்கிட். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மையத்துக்கு மையம் செலவு பல மடங்கு வேறுபட்டது. நாள் முழுதும் இயங்கும் மையத்தில் ஒரு முறையின் செலவு குறைகிறது; நோயாளிகள் சிலரே வரும் மையத்தில் கூடுகிறது. பெரு நகரத்துக்கு ஏற்ற முறை மெர்சிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வெண்கள் சொல்லாமல் சொல்கின்றன.

இங்குச் சற்று நின்று, 'ஆயுளாண்டுக்கு இவ்வளவு' என்னும் கணக்கைப் புரிந்துகொள்வோம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பழைய மருந்துக்கு 10,000 ரிங்கிட் செலவு; அதனால் நோயாளி சராசரியாக நான்கு ஆண்டு வாழ்கிறார். புதிய மருந்துக்கு 40,000 ரிங்கிட். ஐந்து ஆண்டு வாழ்கிறார். புதிய மருந்தின் விலையை ஐந்தால் வகுத்து, ஆண்டுக்கு 8,000 ரிங்கிட்தானே என்று விற்பவர் சொல்லக்கூடும். அது பிழை. கூடுதலாகக் கொடுப்பது 30,000. கூடுதலாகப் பெறுவது ஓராண்டு. ஆகவே கேட்க வேண்டியது, 30,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டு தகுமா என்பதே. மதிப்பீட்டாளர் எப்போதும் பார்ப்பது இந்த மிகையை மட்டுமே. கணித ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துச் சொல்ல இது நல்ல பாடம். எட்டாயிரத்தில் மயங்கும் மாணவர் எத்தனை பேர் என்று பார்க்கலாம்.

அந்த ஓராண்டும் எத்தகைய ஆண்டு என்ற கேள்வி எழும். படுக்கையில் கழியும் ஆண்டும் வேலைக்குச் சென்றுவரும் ஆண்டும் நோயாளிக்கு ஒன்றல்ல. ஆகவே முழு நலத்துடன் வாழும் ஓராண்டை 1 என்றும், நலம் குன்றிய ஆண்டை அதற்கேற்பப் பின்னமாகவும் கணக்கிடும் வழக்கம் வந்தது. இதைத் தரம் சேர்த்த ஆயுளாண்டு எனலாம். இது பயனுள்ள அளவுகோல். கூடவே ஆபத்தும் உடையது. உடற்குறையுடையவரின் ஓராண்டு, குறையில்லாதவரின் ஓராண்டைவிடச் சிறிதாகக் கணக்கில் வருமானால், அவர் உயிரைக் காப்பதன் மதிப்பும் தாளில் குறைந்துவிடும். உடற்குறையுடையோர் இயக்கங்கள் இவ்வளவுகோலை எதிர்ப்பது வெறும் உணர்ச்சியால் அன்று.

எவ்வளவு வரை தகும்?

கணக்குப் போட்டபின் அதை எதனோடு ஒப்பிடுவது? பிரிட்டனின் நைஸ், தரம் சேர்த்த ஓர் ஆயுளாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை என்னும் எல்லையை நெடுங்காலம் பின்பற்றியது. தாய்லாந்து 1,60,000 பாட் என்று வரையறுத்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரால், நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியில் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை என்னும் ஒரு வாய்பாடு பல நாடுகளில் புழங்கியது. அவ்வாய்பாட்டின்படி ஜொகூர் ஆய்வின் எண்கள் ஒரு மடங்குக்கு மேலும் மூன்று மடங்குக்குக் கீழும் அமைகின்றன. அதாவது, 'மலிவன்று, ஆயினும் ஏற்கலாம்.' ஆனால் அந்த வாய்பாட்டை இயந்திரம்போல் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனத்தைச் சார்ந்தோரே 2016இல் எழுதினர். ஒரு நாட்டின் உற்பத்திக்கும் அதன் சுகாதார அமைச்சின் பணப்பைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எல்லாவற்றையும் 'தகும்' என்று ஏற்றுக்கொண்டே போனால், தகுதியான பொருள்களாலேயே கருவூலம் காலியாகிவிடும்.

எல்லைக்கோடு என்பது உண்மையில் கைவிடப்பட்டதன் அடையாளம். இந்த மருந்துக்குத் தரும் பணம் வேறெங்கோ செலவாகியிருந்தால் எவ்வளவு நலம் கிடைத்திருக்கும் என்பதே அதன் பொருள். அந்த வேறெங்கோ இருப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுக்கப்பட்ட புற்றுநோய் மருந்துக்காக நாளிதழில் வேண்டுகோள் விடுக்கும் தாய்க்கு முகம் உண்டு, பெயர் உண்டு. அப்பணம் அங்குச் சென்றதால் கண்சிகிச்சைக்கு இன்னும் எட்டு மாதம் காத்திருக்கும் முதியவர், தாம் ஒரு முடிவின் விளைவாகக் காத்திருக்கிறோம் என்பதையே அறியமாட்டார். பிரிட்டன் 2011இல் நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளுக்கெனத் தனி நிதியம் ஒன்றை அமைத்தது. செலவு கட்டுமீறவே, 2016இல் அதைத் திருத்தியமைக்க நேர்ந்தது. அந்நிதியத்தின்வழி வழங்கப்பட்ட மருந்துகளில் பெரும்பாலானவை நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க பயனைத் தந்ததற்குச் சான்றில்லை என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரக்கத்தால் தொடங்கிய திட்டம் அது.

அப்படியானால் எண்ணே இறுதி முடிவா? இல்லை என்பதற்குத் தாய்லாந்தே சான்று. 2002இல் அந்நாடு அனைவருக்குமான நலக்காப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, சுத்திகரிப்பு அதில் சேர்க்கப்படவில்லை. 2007இல் வெளிவந்த ஆய்வு, இருவகைச் சுத்திகரிப்புமே செலவுக்குத் தகாதவை என்று காட்டியது. கணக்கு வேண்டாம் என்றது. ஆயினும் 2008 முதல் அரசு அதைத் திட்டத்தில் சேர்த்தது. ஒருவரின் சிறுநீரக நோயால் ஒரு குடும்பமே நிலத்தை விற்று நடுத்தெருவுக்கு வருவதைத் தடுப்பதும் நலக்காப்பின் வேலை என்று அவ்வரசு கொண்டது. ஆனால் கணக்கை முற்றிலும் தள்ளிவிடவும் இல்லை. வயிற்றுவழியே முதல் வழி என்று விதித்தது. மருத்துவர் மிகக் குறைந்த நாட்டுப்புறத்தில் வேறு வழியும் இல்லை. திரவப் பைகளை அஞ்சல் துறை வீடு தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2022 பிப்ரவரியில், நோயாளி தாமே எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டதும், பலர் இயந்திரவழிக்குச் சென்றனர், செலவும் ஏறியது. 2025இல் வயிற்றுவழிக்கு மீண்டும் முன்னுரிமை தரும் வகையில் விதிகளைத் திருத்தினர். ஒரு முறை எடுத்த முடிவு முடிந்த முடிவாகிவிடுவதில்லை.

இங்கு நடந்தது என்ன?

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே செலவு என்று 2005லேயே தெரிந்தது. ஆயினும் இன்று மலேசியாவில் சுத்திகரிப்புப் பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இயந்திரவழியில்தான் இருக்கின்றனர். இதை யார் முடிவு செய்தார்கள்?

யாரும் முடிவு செய்யவில்லை என்பதே என் விடை. பணம் வந்த வழி முடிவு செய்தது. அரசு மருத்துவமனைகளில் இடம் போதாதபோது, அறநிறுவனங்களும் தனியாரும் அவ்விடத்தை நிரப்பினர். தேசிய சிறுநீரக அறவாரியமும், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களும், கோயில் சார்ந்த அமைப்புகளும் மையங்களைத் திறந்தன. ஏழை நோயாளிகளுக்காக அறநிறுவன மையங்களுக்கு அரசு மானியம் தந்தது. சந்தா செலுத்திய தொழிலாளர்க்குச் சொக்சோ பணம் தந்தது. முஸ்லிம்களுக்கு சக்காத் நிதி துணைநின்றது. அரசு ஓய்வூதியர்க்குப் பொதுச் சேவைத் துறை உதவியது. இவ்வாறு பணம் தருவோர் பலர் இருந்ததால், ஒரு முறைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கக்கூடிய மையங்கள் பெருகின. தனியார் மையமும் அறநிறுவன மையமும் பெரும்பாலும் இயந்திர மையங்களே. வயிற்றுவழியை நடத்திவருவன பெரிதும் அரசு மருத்துவமனைகள். கொடையாளர்களின் உள்ளத்தையும் இங்கு மறக்கக்கூடாது. இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தால் அதன்மேல் தந்தையின் நினைவாக ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம். திரவப் பையில் யார் பெயரைப் பொறிப்பது?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மையங்கள் இல்லையென்றால் மூவாரிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் எத்தனையோ பேர் இன்று நம்மோடு இருக்கமாட்டார்கள். சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. மதிப்பீட்டுப் பிரிவு அறிக்கை எழுதுகிறது. சுகாதாரத் தலைமை இயக்குநர் தலைமையிலான மன்றம் அதைப் பரிசீலிக்கிறது. ஆனால் அந்த மேசைக்கு வராமலேயே நடந்தேறும் நிதி முடிவுகள் பல. சொக்சோவில் பதிவு பெறாத வேலையில் வாழ்நாளைக் கழித்தவர், தோட்டத்தில் நாட்கூலியாக இருந்தவர், இல்லத்தரசி ஆகியோர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை எந்த ஆயுளாண்டுக் கணக்கும் சொல்வதில்லை. வறியோர்க்கென 2005இல் அமைந்த மருத்துவ உதவி நிதி சில கதவுகளைத் திறந்தது. எங்கே விண்ணப்பிப்பது என்று தெரிந்தவர்க்குத்தான் அக்கதவும்.

சுத்திகரிப்புக்கு வருமுன்னே தடுக்க இயலாதா என்று கேட்பீர்கள். இயலும், அங்கும் நிதிக் கேள்வி நிற்கிறது. தபாகிளிஃப்ளோசின் என்பது முதலில் நீரிழிவு மருந்தாக வந்தது. 4,304 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. சிறுநீரகம் பெரிதும் சரிதல், முற்றிலும் செயலிழத்தல், சிறுநீரக அல்லது இதய நோயால் இறத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரை உண்டவர்களில் 14.5 விழுக்காடு, மருந்து உண்டவர்களில் 9.2 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்காலம் 19 பேருக்கு மருந்து தந்தால் அவர்களுள் ஒருவருக்கு அத்துன்பம் தவிர்க்கப்படும். அந்த ஒருவர் யார் என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மையத்தில் படுத்திருப்பவருக்குச் செலவு செய்யாதிருக்க நம்மால் முடியாது. இந்தப் பத்தொன்பது பேருக்குச் செலவு செய்வதைத் தள்ளிப்போட எளிதாக முடியும். நிதி எப்போதும் நோயின் கடைசிக் கட்டத்தை நோக்கியே ஓடுவதன் காரணம் இதுதான்.

அமைச்சின் மருத்துவமனைகளில் எம்மருந்தைத் தரலாம் என்பதை ஒரு பட்டியல் வரையறுக்கிறது. மருத்துவர்கள் அதை நீல நூல் என்பர். ஒவ்வொரு மருந்துக்கும் அதை எழுதித்தரும் தகுதி யாருக்கு என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றை நிபுணர் மட்டுமே, அதுவும் குறித்த நோய்களுக்கு மட்டுமே எழுதலாம். பட்டியலில் இடம்பெற்ற மருந்தும் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்பதில்லை; விலையுயர்ந்த மருந்துக்கு மருத்துவமனையின் ஒதுக்கீடு இத்தனை பேருக்குத்தான் என்றிருக்கலாம். பட்டியலில் 'ஆம்' என்று எழுதி, ஒதுக்கீட்டில் 'இல்லை' என்று சொல்வது நேர்மையான முறையாக எனக்குப் படவில்லை. மறுப்பதானால் அதன் காரணத்தைச் சொல்லி மறுப்பது மேல்.

விலை என்பது விதியன்று

இதுவரை பார்த்த கணக்குகள் அனைத்தும் விலையை மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டன. மலேசியா இருமுறை அதை மறுத்துக் காட்டியது. 2003இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்காக, காப்புரிமையை மீறி அரசே பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைச் செலுத்தி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்தின் மருந்துகளை இறக்குமதி செய்தது. இரண்டாம் முறை 2017 செப்டம்பரில். ஈரலைத் தின்னும் ஹெப்படைட்டிஸ் சி கிருமியைப் பன்னிரண்டு வாரத்தில் போக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை, 2013இல் அமெரிக்காவில் ஒன்று ஆயிரம் டாலர் என்று விற்கப்பட்டது. ஒரு நோயாளிக்கு 84,000 டாலர். அந்த விலையில் எந்த மதிப்பீட்டாளரும் நம் நாட்டில் 'தகும்' என்று எழுத முடியாது. 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, பொதுநலத்துக்காக அரசுக்கு இவ்வுரிமையைத் தருகிறது. அப்பிரிவைக் கொண்டு, எகிப்திலிருந்து குறைந்த விலையில் மருந்து வருவிக்க வழி செய்யப்பட்டது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு அது இலவசமாக வழங்கப்பட்டது. லாபநோக்கற்ற ஆய்வமைப்பு ஒன்றோடு இணைந்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதிக்கப்பட்ட ராவிடாஸ்விர் என்னும் துணைமருந்து, 2021இல் இங்குப் பதிவு பெற்றது.

மருந்து அதேதான், நோயும் அதேதான். மாறியது விலை. விலை மாறியதும், தகாதது தகுந்ததாயிற்று. மதிப்பீட்டு அறிக்கை ஒன்று 'இந்த விலையில் வேண்டாம்' என்று சொல்வதை மறுப்பாக மட்டும் படிக்கக்கூடாது. பேரத்தில் அது முதல் சொல். சுத்திகரிப்புத் துறையில் அத்தகைய பேரம் எளிதன்று. ஒரு மாத்திரையின் விலையைக் குறைக்கலாம். ஊரெங்கும் பரந்து கிடக்கும் மையங்களின் வாடகையையும் தாதியர் ஊதியத்தையும் எந்தச் சட்டப் பிரிவைக் கொண்டு குறைப்பது?

ஆகவேதான் அண்மை ஆண்டுகளில் சுகாதார அமைச்சு வயிற்றுவழிச் சுத்திகரிப்பை முதல் தெரிவாக ஊக்குவிக்க முனைந்துள்ளது. கோத்தா திங்கியின் உட்பகுதியிலிருந்து வாரம் மூன்று முறை மையத்துக்கு வந்துபோகும் ஒருவர்க்கு இது பெரும் விடுதலையாக இருக்கலாம். அவர் பயணச் செலவும், கூட வருபவரின் இழந்த கூலியும் மிஞ்சும். ஆனால் நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் என்றால், மாதத்துக்கு 240 லிட்டர் திரவம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும். அதை அடுக்க இடம் வேண்டும். பையை மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, கைகளை நன்கு கழுவ வேண்டும். சிறு அசட்டையும் வயிற்றுறையில் தொற்றாகிவிடும். கண்பார்வை மங்கிய நீரிழிவு நோயாளிக்குப் பையை மாற்றித் தர மகளோ மருமகளோ வேலையை விட வேண்டியிருக்கும். இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் ஏழு பேர் வாழும் குடும்பம் இதற்கென ஓர் அறையை எவ்வாறு ஒதுக்கும்? அரசின் கணக்கில் இம்முறை மலிவாகத் தோன்றும் அளவுக்கு, அறையின் செலவும் மகளின் ஊதியமும் குடும்பத்தின் கணக்குக்கு மாறிவிடுகின்றன. 2005ஆம் ஆண்டுக் கணக்கு அமைச்சின் செலவை எண்ணியது. அடுத்த கணக்கைப் போடுவோர் இவ்விரண்டையும் எழுத ஏட்டில் ஒரு பத்தியை விட்டுவைக்க வேண்டும்.